பீடி சுற்றுகிற வீட்டுப் பிள்ளை டீம் லீட் ஆக என்ன செய்யலாம்?

கடையநல்லூர்க்காரி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். பதிவு நீளம்தான், ஆனால் பாதியில் விட்டுவிடாதீர்கள். உங்கள் எல்லாருடைய அனுபவமும் எனக்கு வேண்டும்.

சென்னை ஓஎம்ஆர் பக்கம் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் பதினான்கு வருடமாக இருக்கிறேன். அம்மா பீடி சுற்றித்தான் என்னையும் தம்பியையும் படிக்க வைத்தார். மடியில் சுளகை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் கணக்கு முடியாமல் எழுந்திருக்க மாட்டார், நானும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் இலை வெட்டிக் கொடுத்துவிட்டுத்தான் புத்தகத்தை எடுப்பேன். பன்னிரண்டு வரை அரசுப் பள்ளி, தமிழ் வழி. இன்றைக்கு என் கீழ் பதினொரு பேர்.

அதில் ஒரு பெண்ணைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். அவளும் அரசுப் பள்ளி, வீட்டில் முதல் பட்டதாரி, வேலைக்கு வந்து நான்கு வருடம். எங்களிடம் மாதக் கடைசியில் சர்வரில் மொத்தமாகத் தானே ஓடும் ஒரு வேலை (பேட்ச் ஜாப்) மூன்று மாதமாக நடுவில் நின்றுகொண்டே இருந்தது. சீனியர்கள் இரண்டு பேர் பார்த்துவிட்டு, சர்வரில் மெமரி பத்தவில்லை என்று டிக்கெட்டை மூடிவிட்டார்கள். இவள் இரண்டு ராத்திரி உட்கார்ந்து சர்வர் எழுதி வைக்கும் லாக் முழுவதையும் படித்து, இரண்டு ப்ராசஸ் ஆளுக்கொரு டேட்டாபேஸ் டேபிளைப் பூட்டிக்கொண்டு ஒன்றுக்காக ஒன்று காத்துக் கிடப்பதைக் கண்டுபிடித்தாள். மறுநாள் கிளையன்ட்டோடு பேசிய ஆன்லைன் காலில் இதை விளக்கியது அந்தச் சீனியர்களில் ஒருவர். இவள் மைக் ம்யூட்டில் இருந்தது. எனக்கு மட்டும் சாட்டில் ஒரு வரி வந்தது: "அக்கா, அவர் சொல்ற டேபிள் பேரு தப்பு."

அதே மாதம் அப்ரைசல். தனக்குத்தானே போட்டுக்கொண்ட மதிப்பெண் ஐந்துக்கு இரண்டு. ஏன் என்று கேட்டேன். "நம்மளே நமக்கு நாலு போட்டுக்கிட்டா திமிருன்னு நினைக்க மாட்டாங்களாக்கா?" என்றாள். அன்றைக்கு எனக்குத் தூக்கமே வரவில்லை. ஏனென்றால் முதல் ஆறு வருடம் நானும் இரண்டுதான் போட்டேன்.

இப்போது எங்கள் நிறுவனத்தில், பின்தங்கிய சூழலிலிருந்து வந்த பெண்களைத் தலைமைப் பொறுப்புகளுக்குக் கொண்டுவர ஒரு திட்டம் போடச் சொல்லியிருக்கிறார்கள். எச்ஆர் எழுதிக் கொடுத்த வரைவில் இருப்பது ஓட்டலில் இரண்டு நாள் பயிற்சி, மார்ச் 8 அன்று ஒரு சிறப்புப் பேச்சு, அவ்வளவுதான். இது அவள் வரைக்கும் போய்ச் சேராது என்று எனக்கு நிச்சயமாகத் தெரிகிறது. உங்களை உண்மையிலேயே ஒரு படி மேலே ஏற்றியது எது? நடந்ததைச் சொல்லுங்கள்.

ஒரகடம் ஷிப்ட் எழுதியது:

ஐடி பற்றி எனக்கு அவ்வளவாகத் தெரியாது, ஆலையைப் பற்றிச் சொல்கிறேன். இந்தியாவில் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் பத்துக்கு நான்கு பேருக்கு மேல் தமிழ்நாட்டில்தான் இருக்கிறார்கள். பெருமையான விஷயம்தான். ஆனால் எங்கள் அசெம்பிளி லைனில் வந்து பாருங்கள், உட்கார்ந்து கோக்கிறவர்களில் முக்கால்வாசி பெண்கள், பின்னால் டேப்லெட்டோடு நடப்பவர்கள் அத்தனை பேரும் ஆண்கள்.

ஏன் என்று நானே ரொம்ப நாள் யோசித்ததில்லை, அதைச் சொல்லிவிடுகிறேன். லைன் லீடர் ஆக வேண்டுமென்றால் மெஷின் நின்றுபோனால் கை வைக்கத் தெரிந்திருக்க வேண்டும். அதைக் கற்றுக்கொள்ளும் இடம் மெயின்டனன்ஸ். மெயின்டனன்ஸ் வேலை பெரும்பாலும் ராத்திரியில், இல்லையென்றால் ஞாயிற்றுக்கிழமை ஷட்டவுனில். டிப்ளமோ முடித்த பெண்ணை அங்கே யாரும் போடுவதில்லை. 1948 தொழிற்சாலைகள் சட்டத்தில் பெண்களுக்கு இரவு ஷிப்ட் கூடாது என்று இருந்ததைச் சென்னை உயர்நீதிமன்றம் 2000-லேயே செல்லாது என்று சொல்லிவிட்டது. பாதுகாப்பு, போக்குவரத்து எல்லாம் நிர்வாகம் செய்து தர வேண்டும் என்ற நிபந்தனையோடு. அந்த நிபந்தனைக்குச் செலவு ஆகும், அதனால் பெண்களை மெயின்டனன்ஸில் எடுக்காமலே விட்டுவிடுவது சுலபமாகிவிட்டது.

நாங்கள் செய்தது இது. டிப்ளமோ முடித்த எட்டுப் பெண்களை ஆறு மாதம் மெயின்டனன்ஸில் போட்டோம். ராத்திரி வந்தால் இரண்டு பேர் சேர்ந்துதான், வேன் விடுதி வாசல் வரைக்கும். முதல் மாதம் எனக்கு வீடுகளிலிருந்து வந்த போன் கொஞ்சமில்லை. ஒரு அப்பா நேரிலேயே வந்துவிட்டார், அவரைக் கூட்டிக்கொண்டு போய் அந்தப் பெண் கன்வேயர் மோட்டாரைக் கழற்றி மாட்டுவதைக் காட்டினேன். ரொம்ப நேரம் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார், பிறகு டீ கூடக் குடிக்காமல் ஊருக்குக் கிளம்பிவிட்டார். அதற்கப்புறம் அவரிடமிருந்து போன் வரவில்லை. எட்டுப் பேரில் மூன்று பேர் கல்யாணமாகிப் போய்விட்டார்கள், இரண்டு பேர் இப்போது லைன் லீடர்கள்.

ஃப்யூம்ஹுட் எழுதியது:

ஆய்வுத் துறையிலிருந்து என் பங்கு. கதையை நல்ல இடத்திலிருந்து தொடங்குகிறேன். மத்திய அரசின் ஆய்வுக்கூடங்களை நடத்தும் சிஎஸ்ஐஆரின் தலைமை இயக்குநராக 2022 ஆகஸ்டில் முதன்முதலாக ஒரு பெண் வந்தார், கலைச்செல்வி. அம்பாசமுத்திரத்துக்காரர், பள்ளிப் படிப்பு தமிழ் வழியில். அதன் கீழ் உள்ள காரைக்குடி மின்வேதியியல் ஆய்வு நிறுவனமான சிக்ரியில் அடிமட்ட விஞ்ஞானியாகச் சேர்ந்து, லித்தியம் பேட்டரி ஆராய்ச்சியில் பெயர் எடுத்து, 2019-ல் அதே நிறுவனத்துக்கு முதல் பெண் இயக்குநரானார். சூரியனை ஆராயும் ஆதித்யா எல்1 விண்கலத்தின் திட்ட இயக்குநர் நிகர் ஷாஜி செங்கோட்டை, படித்தது திருநெல்வேலி அரசுப் பொறியியல் கல்லூரி. ரிசாட்-1 செயற்கைக்கோளின் திட்ட இயக்குநராக இருந்த வளர்மதி அரியலூர். ஆக, சின்ன ஊரிலிருந்து வந்தால் முடியாது என்று யாரும் சொல்ல வேண்டாம்.

ஆனால் இந்தப் பெயர்களைச் சொல்லிச் சொல்லியே நாம் ஓய்ந்துவிடுகிறோம் என்றும் எனக்கு வருத்தம் உண்டு. எம்எஸ்சி வகுப்பில் திரும்பின பக்கமெல்லாம் பெண்கள், பிஎச்டியிலும் குறைவில்லை. பேராசிரியர் வரிசைக்கு வந்தால் விரல் விட்டு எண்ணிவிடலாம். நடுவில் அந்த முப்பது வயதில் எல்லாரும் எங்கே போனார்கள்? நான் போனேன். குழந்தை, பிறகு மாமியாருக்குப் பக்கவாதம், ஐந்து வருடம் வீட்டில். திரும்பி வந்து விண்ணப்பித்தால் எல்லாவற்றிலும் வயது வரம்பு. விஞ்ஞானிகளுக்கான பட்நாகர் பரிசுக்குக்கூட 45 வயதுக்குள் என்றுதான் விதி. பேறுகாலத்தையும் சேர்த்துத்தான் அந்த 45.

என்னைத் திரும்பக் கொண்டுவந்தது மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் பெண் விஞ்ஞானிகள் திட்டம். இடைவெளி விட்ட பெண்களுக்காகவே உள்ளது, இப்போது வைஸ்-கிரண் என்ற பெயரில் வருகிறது. பணம் என் பெயரில் வந்தது, ஆராய்ச்சித் திட்டத்தின் தலைப்பில் என் பெயர் முதலில் இருந்தது, அதுதான் பெரிய விஷயம். ஆனால் மூன்று வருடம் முடிந்ததும் என்ன? நிரந்தர வேலைக்கு அங்கிருந்து பாலம் கிடையாது. ஏணியை வைத்துவிட்டு மேல் தளத்தைக் கட்டாமல் விட்ட மாதிரி. திட்டம் போடுகிறவர்களுக்கு என் வேண்டுகோள் இது ஒன்றுதான், பயிற்சி முடிந்ததும் உட்கார ஒரு நாற்காலியை முதலிலேயே ஒதுக்கி வையுங்கள்.

கணக்கன் எழுதியது:

நான் சொல்வது சிலருக்குப் பிடிக்காமல் போகலாம், ஆனால் மனதில் பட்டதைச் சொல்கிறேன். பள்ளியில், கல்லூரியில் உதவி செய்யுங்கள், தாராளமாகச் செய்யுங்கள், நானே இரண்டு பிள்ளைகளுக்குக் கட்டணம் கட்டுகிறேன். பதவி உயர்வில் மட்டும் இதைக் கொண்டுவராதீர்கள். நாளைக்கு அந்தப் பெண் உண்மையாகவே திறமையால் மேலே வந்தாலும், "திட்டத்துல வந்தவ" என்று நான்கு பேர் பேசுவார்கள். என் தங்கை வங்கியின் டெக்னாலஜி பிரிவில் மேனேஜர், அவளுக்கு இப்படி நடந்தது. அழுதாள்.

செங்கம் செல்வி எழுதியது:

கணக்கன் அண்ணா, உங்கள் தங்கைக்கு நடந்தது தப்பு. ஆனால் பேசியவன் தப்பா, திட்டம் தப்பா? ஐஐடிகளில் 2018-லிருந்து பெண்களுக்குக் கூடுதல் இடம் உருவாக்கினார்கள். ஏற்கெனவே இருந்த இடத்தில் ஒன்றைக்கூடக் குறைக்கவில்லை, ஜேஇஇ நுழைவுத் தேர்வில் தேறியவர்களைத்தான் எடுத்தார்கள். அதற்கும் பேசினார்கள். பேசுகிறவர்கள் பேசிக்கொண்டுதான் இருப்பார்கள்.

நான் இன்னொன்று சொல்ல வேண்டும். பெண்கள், பெண்கள் என்று எல்லாரையும் ஒரே வரிசையில் நிறுத்தாதீர்கள். எங்கள் நிறுவனத்திலும் பெண் தலைவர்களுக்கான பயிற்சி நடந்தது. மேனேஜர்தான் பெயர் கொடுக்க வேண்டும். போனது ஏழு பேர், ஏழு பேரும் சென்னையிலோ பெங்களூரிலோ கான்வென்டில் படித்தவர்கள், அப்பா வங்கி அதிகாரியோ டாக்டரோ. நல்ல பெண்கள்தான், அவர்கள் மீது எனக்குக் கோபம் இல்லை. ஆனால் காலனியிலிருந்து வந்த நான் அந்தப் பட்டியலில் எப்படி வருவேன்? சேர்ந்த முதல் வாரம் டீமில் என்னிடம் கேட்ட கேள்வி, "உங்க ஊர்ல நீங்க எந்தத் தெரு?" வீடு வாடகைக்குத் தேடியபோதும் அதே கேள்வி. நான் மதிய சாப்பாட்டுக்கு அவர்களோடு உட்காருவதை நிறுத்தினேன். ப்ராஜெக்ட் விஷயம் பாதி சாப்பாட்டு மேஜையில்தான் முடிவாகிறது என்று எனக்குத் தெரிய இரண்டு வருடம் ஆயிற்று. தனியார் துறையில் இடஒதுக்கீடு கிடையாது, எனவே யார் பெயரை யார் சொல்கிறார்கள் என்பதே எல்லாம்.

அதனால் கடையநல்லூர் அக்கா, திட்டத்தில் முதல் வரியாக இதை எழுதுங்கள்: மேனேஜர் மட்டும் பெயர் கொடுக்கக் கூடாது, தானாக விண்ணப்பிக்க வழி வேண்டும். முதல் பட்டதாரியா, எந்த மொழி வழியில் படித்தாய் என்று விருப்பமிருந்தால் சொல்லும்படி கேளுங்கள். தேர்வு செய்கிற இடத்தில் எங்களைப் போன்ற ஒருத்தியையாவது உட்கார வையுங்கள்.

கடையநல்லூர்க்காரி எழுதியது:

செல்வி, எழுதிக்கொண்டேன். நன்றிம்மா.

யார் பெயரை யார் சொல்கிறார்கள் என்று நீங்கள் எழுதியதும் கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்த லலிதா ஞாபகம் வந்தார். பதினைந்து வயதில் கல்யாணம், பதினெட்டு வயதில் விதவை, கையில் நான்கு மாதக் குழந்தை. நடந்தது 1937-ல். அவர் அப்பா சுப்பா ராவ் கிண்டியிலேயே மின்பொறியியல் பேராசிரியர், முதல்வர் சாக்கோவிடம் போய்ப் பேசி மகளுக்கு இடம் கேட்டார். அதுவரை பெண்களே சேராத கல்லூரி. மகள் தனியாக இருக்கக் கூடாது என்று வேறு பெண்களும் சேர வேண்டி விளம்பரம் கொடுத்தார், திரேசியாவும் லீலாம்மா ஜார்ஜும் வந்தார்கள். 1943-ல் பட்டம் வாங்கும்போது சான்றிதழில் ஆணைக் குறிக்கும் சொல் அச்சாகியிருந்ததை அடித்துவிட்டுப் பெண்ணுக்குரிய சொல்லைக் கையால் எழுதிக் கொடுத்தார்களாம். லலிதா பக்ரா நங்கல் அணைக்கான மின்பாதை வடிவமைப்பு வரைக்கும் வேலை செய்தார். திரேசியா 1971-ல் கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளர்.

நான் திரும்பத் திரும்ப நினைப்பது அந்த அப்பாவைத்தான். முதல்வர் அறைக்குள் போய்ப் பேசத் தெரிந்த ஓர் அப்பா. என் அப்பாவுக்குக் கல்லூரி வாட்ச்மேனிடம் பேசவே கூச்சம். என் டீம் பெண்ணின் அம்மா நூறு நாள் வேலைக்குப் போகிறார். இந்தப் பிள்ளைகளுக்காக அந்த அறைக்குள் போய்ப் பேசுவது யார்? எனக்கு ஒருவர் பேசினார். என் பழைய மேனேஜர், தஞ்சாவூர்க்காரர். 2017-ல் ஒரு மைக்ரேஷன் வேலைக்கு லீட் தேடியபோது அந்த மீட்டிங்கில் நான் இல்லை, என் பெயரை அவர்தான் சொன்னார், "தப்பாப் போனா நான் பார்த்துக்கறேன்" என்றும் சொன்னாராம். பிறகு வேறொருவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அறிவுரை சொன்னவர்கள் நிறையப் பேர். எனக்காகத் தன் பெயரைப் பணயம் வைத்தவர் அவர் ஒருவர்தான்.

ராஜியம்மா எழுதியது:

எனக்கு 66 வயது. மத்திய அரசுத் துறை ஒன்றில் தொழில்நுட்பப் பிரிவில் முப்பத்தாறு வருடம் இருந்து ஓய்வு பெற்றேன். டைப் செய்ய நேரமாகும், மன்னிக்கவும்.

இரண்டு முறை பதவி உயர்வு வந்தது, இரண்டு முறையும் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தேன். உயர்வு என்றால் வேறு ஊர். முதல் தடவை மகன் ஐந்தாம் வகுப்பு, இரண்டாம் தடவை அவருக்கு இருதய ஆபரேஷன். என்னோடு சேர்ந்த ஆண்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள், வீட்டைப் பார்த்துக்கொள்ள அங்கே ஒருத்தி இருந்தாள். கடைசி ஐந்து வருடம் நான் வேலை சொல்லிக் கொடுத்த பையனே எனக்கு மேலதிகாரி. நல்ல பையன், என்னை அம்மா என்றுதான் கூப்பிடுவான். இருந்தாலும் வலிக்கத்தான் செய்தது.

என்னிடம் யாராவது, "இந்த வருடம் முடியாவிட்டால் அடுத்த வருடம் வாங்கிக்கொள்ளுங்கள், வரிசையில் உங்கள் இடம் அப்படியே இருக்கும்" என்று சொல்லியிருந்தால் போயிருப்பேன். எழுதிக் கொடுத்த அன்றோடு பெயரை அடித்துவிட்டார்கள். நீங்கள் போடும் திட்டத்தில் இதைச் சேருங்கள் மகளே. முடியாது என்று ஒரு பெண் சொன்னால், அது எந்த வருடத்துக்கு முடியாது என்று கேளுங்கள்.

மாட்ரிக்ஸ்23 எழுதியது:

சட்டம் பற்றி ஒரு வார்த்தை. 2017 திருத்தத்துக்குப் பிறகு மகப்பேறு விடுப்பு 26 வாரம், ஐம்பது பேரோ அதற்கு மேலோ இருந்தால் குழந்தைகள் காப்பகம் கட்டாயம். நல்ல சட்டம். ஆனால் இஎஸ்ஐ காப்பீட்டில் வராத பெண்களுக்கு அந்த 26 வாரச் சம்பளம் முழுக்க நிறுவனத்தின் தலையில், அரசு பங்கு போடுவதில்லை. சின்ன நிறுவனங்களில் இன்டர்வியூவில் "கல்யாணம் எப்போ?" என்று கேட்பது இதனால்தான். காப்பகம் எத்தனை இடத்தில் நிஜமாக இருக்கிறது என்று அவரவர் அலுவலகத்தில் எழுந்து நடந்து பாருங்கள்.

நாலாம்வருஷம் ஈசிஇ எழுதியது:

அக்கா, அம்மா, எல்லாருக்கும் வணக்கம். நான் விழுப்புரம் பக்கம். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் சீட் கிடைத்தது, கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாம் அரசே கட்டுகிறது, புதுமைப் பெண் திட்டத்தில் ஆயிரம் ரூபாய் மாதாமாதம் வருகிறது. அது இல்லையென்றால் நான் இப்போது திருப்பூரில் தைத்துக்கொண்டிருப்பேன், என் அக்கா அங்கேதான் இருக்கிறாள்.

லேபில் நான்தான் முதலில் முடிப்பேன். ஆனால் போன வாரம் ப்ளேஸ்மென்ட்டில் க்ரூப் டிஸ்கஷனில் வெளியே வந்துவிட்டேன். தலைப்பு பேட்டரி கார். எனக்குத் தெரிந்த தலைப்பு. மனதுக்குள் வாக்கியத்தைக் கோத்து முடிப்பதற்குள் அதை இன்னொருவர் சொல்லிவிடுகிறார். தலைமைப் பொறுப்பு எல்லாம் எனக்கு ரொம்ப தூரம், முதல் வாசலையே தாண்டத் தெரியவில்லை. என்ன செய்யட்டும்?

ஃப்யூம்ஹுட் எழுதியது:

தங்கச்சி, முதலில் ஒன்று. உனக்கு விஷயம் தெரியும், மொழிதான் தாமதமாக வருகிறது. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே. க்ரூப் டிஸ்கஷனில் முதல் ஆளாகப் பேசிவிடு. நான்கே வரி, முந்தின நாளே எழுதி வாய்விட்டுப் பத்து முறை சொல்லிப் பார்த்தது. "இந்தத் தலைப்பில் செலவு, சார்ஜிங், பேட்டரி ஆயுள் மூன்றையும் பார்க்கலாம்" என்று தொடங்கிவிட்டால் பிறகு மற்றவர்கள் உன் வரிசையில்தான் பேசுவார்கள். நான் கருத்தரங்குகளில் இப்போதும் இதைத்தான் செய்கிறேன்.

ஒரகடம் ஷிப்ட் எழுதியது:

எலக்ட்ரானிக்ஸ் ஆலைகளுக்கும் விண்ணப்பம் போடும்மா. டெஸ்ட் இன்ஜினியர் வேலையில் சர்க்யூட் போர்டைக் கையில் கொடுத்துத்தான் இன்டர்வியூ நடக்கும். தங்க இடம் பிரச்சினை என்றால் அரசின் தோழி விடுதிகள் இந்தப் பக்கமே இருக்கின்றன, விசாரித்துச் சொல்கிறேன்.

கணக்கன் எழுதியது:

நேற்று தங்கையிடம் இந்த இழையைக் காட்டினேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "அந்தப் பதவி கிடைக்காம இருந்திருந்தா இன்னும் அதிகமா அழுதிருப்பேன்." என் கருத்தை முழுதாக மாற்றிக்கொண்டேன் என்று சொல்ல மாட்டேன், திறமையைப் பார்க்காமல் கொடுப்பதை இன்னமும் எதிர்க்கிறேன். ஆனால் லாக் படித்துக் கண்டுபிடித்த பெண்ணை ம்யூட்டில் வைத்துவிட்டு, திறமையைப் பார்த்துத்தான் கொடுக்கிறோம் என்று நாம் சொல்லிக்கொள்வதும் சரியில்லை.

கடையநல்லூர்க்காரி எழுதியது:

இரண்டு வாரம் கழித்து இப்போது திரும்பி வந்திருக்கிறேன். திட்டத்தைக் கொடுத்துவிட்டேன். ஓட்டல் பயிற்சியை எடுக்கச் சொன்னேன், மாட்டேன் என்றார்கள், அது இருக்கட்டும். கூடவே நான்கு விஷயம் கேட்டேன். தானாக விண்ணப்பிக்கும் வழி, ஒவ்வொரு பெண்ணுக்கும் மீட்டிங்கில் அவள் பெயரைச் சொல்லப் பொறுப்பேற்கும் ஒரு மூத்தவர், வேண்டாம் என்றவர் பெயரை இரண்டு வருடம் அப்படியே வைத்திருப்பது, பிரச்சினையை யார் தீர்த்தார்களோ அவர்களே கிளையன்ட்டிடம் விளக்க வேண்டும் என்ற விதி. கடைசி இரண்டுக்கும் உடனே சரி என்றுவிட்டார்கள். பெயர் சொல்லும் மூத்தவருக்கு ஆள் தேடச் சொல்லியிருக்கிறார்கள், இதுவரை மூன்று பேர் கிடைத்திருக்கிறார்கள், ஒருவர் என் பழைய மேனேஜர். தானாக விண்ணப்பிப்பதற்கு மட்டும் இன்னும் இழுக்கிறார்கள், செல்வி, நான் விடப்போவதில்லை.

செவ்வாய்க்கிழமை கிளையன்ட் காலில் என் டீம் பெண் பேசினாள். ஆறு நிமிடம். நடுவில் ஒரு கேள்விக்குப் பதில் தெரியவில்லை, ரொம்ப நேரம் மௌனம், எனக்கு வாய் துறுதுறு என்றது, பேசாமல் இருந்தேன். பிறகு "பார்த்துவிட்டு மாலைக்குள் சொல்கிறேன்" என்றாள், மாலை நான்கரைக்கு அனுப்பியும் விட்டாள்.

அவளும் நானும் சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு ஆன்லைனில் பேசிப் பழக ஒரு சின்னக் கூட்டம் தொடங்குகிறோம். தமிழிலேயே யோசித்து, பிறகு ஆங்கிலத்தில் சொல்லிப் பார்ப்பது. விழுப்புரம் தங்கச்சி, உள்பெட்டியில் லிங்க் அனுப்பியிருக்கிறேன், உன் தோழிகளையும் கூட்டிக்கொண்டு வா. ராஜியம்மா, உங்களால் முடிந்தால் நீங்களும் வர வேண்டும்.